சனிக்கிழமை நம்பர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஊர் சொல்லிவிட்டது. புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எனக்குச் ‘சீனி போலீஸ்’ என்று பெயர். கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்திருந்தால், பக்கத்து இலைக்குப் பாயசம் ஊற்ற வருகிறவர் ஒரு நிமிடம் தயங்குவார். ஒட்டுக்கடைக்குள் நான் நுழைந்தால் சீனி போட்ட தே தாரேக் டீ கிளாஸ்கள் மேசைக்கு அடியில் இறங்கிவிடும். எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் இனிப்பு நீரில், அந்தச் சர்க்கரை வியாதியில், போனவர். முதலில் கால் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போனது. கடைசி இரண்டு வருடம், வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்ய நான்தான் அவரைக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். அந்த மனுஷனை நான் ஒரு நாள்கூடத் திட்டியதில்லை. கேட்டதையெல்லாம் ஆக்கிப் போட்டேன், கேசரி உட்பட. அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய திட்டையெல்லாம் அவர் போன பிறகு ஊர்மேல் இறக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், அரசாங்கக் கிளினிக்கில் எங்கள் தாமானிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். விரலில் குத்திச் சீனி பார்க்கும் மிஷின் ஒன்று, இரத்தக் கொதிப்பு பார்க்கும் மிஷின் ஒன்று, ஒரு கட்டு நோட்டீஸ். நோய் வந்து கிளினிக்குக்கு ஓடுவதற்கு முன்பே ஆட்களை அவர்கள் இருக்கிற இடத்திலேயே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டம். நல்ல திட்டம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் மண்டபம் என்று முடிவு செய்தோம். சாப்பிடாமல் வர வேண்டும், வெறும் வயிற்றில் ஏழுக்குக் கீழே இருந்தால் நல்ல நம்பர். மூன்று மாதத்தில் மற்ற மூன்று பேரும் கழன்றுகொண்டார்கள். பேரப்பிள்ளை, முட்டிவலி, நாடகம் என்று ஆளுக்கொரு காரணம். நான் ஒருத்தியே நின்றேன்.

ஒருத்தியே நின்றால் எல்லாம் என் இஷ்டம்தானே. மண்டபச் சுவரில் ஒரு பெரிய அட்டையை மாட்டினேன். எல்லார் பெயரும் அதில். நம்பர் நன்றாக இருந்தால் பச்சை நட்சத்திரம், ஏறியிருந்தால் சிவப்பு நட்சத்திரம். பிறகு கோயில் மைக்கைக் கேட்டு வாங்கினேன். பச்சைக்குக் கைதட்டல், சிவப்புக்குத் திட்டு, இரண்டும் மைக்கிலேயே. அடியாத மாடு படியாது என்பது என் கட்சி. “ஆறிலும் சாவு நூறிலும் சாவு, விடுங்கக்கா” என்று யாராவது ஆரம்பித்தால், “சாவு சரி, நடுவுல காலை வெட்டுவானே, அதுக்கு என்ன சொல்ற?” என்று கேட்பேன். 

இன்னொன்றும் செய்தேன். ஒரு மரப்பலகையில் காலிக் குளிர்பான டின், காலிப் பொட்டலம், சிராப் பாட்டில் எல்லாவற்றையும் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதில் இருக்கிற சீனியை அளந்து சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிட்டேன். டின்னுக்குப் பக்கத்துப் பைதான் பெரியது, ஏழு கரண்டி. பார்க்கிறவர்கள் வாயில் கை வைப்பார்கள். எறும்பு வருகிறது என்று வாரா வாரம் அதைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். “எறும்புக்கு இனிப்பு நீர் வராதாக்கா?” என்று கேட்டுச் சிரித்தவன் எங்கள் வேன்காரத் தம்பி.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எங்கள் தாமான் பிள்ளைகளையும், ஈஜோக் போகிற வழியில் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிற நாலைந்து வீட்டுப் பிள்ளைகளையும் அசாம் ஜாவா பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவருவான். அவனுக்கும் இனிப்பு நீர், அவன் மனைவிக்கும் இனிப்பு நீர். அந்தப் பெண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இவன் வேனிலேயே மூன்று வேளையும் கண்டதைத் தின்று வளர்த்த நம்பர், பதின்மூன்றுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

மற்றவர்கள் நம்பரெல்லாம் இறங்கின. அடேயப்பா, எப்படி இறங்கின! ஆறு மாதத்தில் அட்டை பச்சையாகிவிட்டது. கிளினிக்கிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோயில் தலைவர் என்னிடம், “முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை விரதம்னா பத்துப் பேர் இருப்பாங்க. இப்ப தாமானே விரதம் இருக்கு. பக்தி பெருகிடுச்சும்மா” என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். நானும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை நானும் விரதம்தான். அட்டையில் என் பெயருக்கு நேரேயும் பச்சை நட்சத்திரம்தான்.

இதில் சந்தேகப்பட்டவள் ஒருத்தி மட்டும். கிளினிக்கிலிருந்து மாதம் ஒரு முறை வருகிற நர்ஸ், நாங்கள் மிஸி என்போம், சின்னப் பெண். அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, கிளினிக்ல நாங்க மூணு மாசத்துக்குச் சேர்த்து ஒரு டெஸ்ட் எடுப்போம்லா. அதுல இவங்க யாருமே நல்லா இல்லக்கா. உங்க அட்டையில மட்டும்தான் நல்லா இருக்காங்க.”

“லேப்ல தப்பு பண்ணியிருப்பாங்க.”

“எல்லாருக்குமா தப்பு வரும்? வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்துட்டு வர்றாங்கக்கா. அந்தப் பேரு போட்ட அட்டைய எடுத்துடுங்க. பயந்துக்கிட்டு வந்தா உண்மை வராது.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் வீட்டுக்காரர் காலை நான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுவிய காலத்தில் இவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். “பயம் இருந்தாத்தான்மா திருந்துவாங்க. நீ புஸ்தகத்துல படிச்ச, நான் வீட்டுல படிச்சேன்” என்றேன். 

அடுத்த சனிக்கிழமை வேன்காரத் தம்பிக்குப் பதின்மூன்று புள்ளி எட்டு. நான் மைக்கை எடுத்தேன். “ஊரே எறங்கிடுச்சு, இவன் ஒருத்தன் ஏறிக்கிட்டே போறான். பிள்ளைங்கள ஏத்துற வண்டி ஓட்டுற ஆளு நீ! கண்ணு மங்கி எங்கயாவது விட்டுட்டா யாரு பதில் சொல்றது?” என்று கேட்டுவிட்டுச் சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டினேன். நாலு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக் கேட்டில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“அக்கா, அந்தச் சிவப்பு ஸ்டார மட்டும் எடுத்துடுங்கக்கா.”

“ஏன்?”

“ரெண்டு வீட்டுல வேற வேன் பாக்குறாங்களாம். நீங்க மைக்ல சொன்னதுதான் பேச்சு. வேன் போயிட்டா எனக்கு வேற என்ன இருக்கு?”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அப்போதே போய் அட்டையைக் கிழித்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நம்பரை எறக்கு, நானே கூப்பிட்டுப் பச்சை ஒட்டி, மைக்ல எல்லார் முன்னாடியும் சொல்றேன். போ.” அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அந்த வாரச் சனிக்கிழமை அவன்தான் முதல் ஆள். விரலைக் குத்தினேன், மிஷின் நாலு புள்ளி ஒன்று என்று காட்டியது. எனக்கே நம்ப முடியவில்லை. பதின்மூன்று புள்ளி எட்டிலிருந்து ஒரே வாரத்தில் நாலு புள்ளி ஒன்று! பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, அதை ஒட்டி வந்தாலே என்ன ஏது என்று விசாரிக்க வேண்டும் என்று. விசாரிக்கவில்லை. நான் மைக்கைத்தான் தேடினேன்.

“பாருங்க, மனசு வெச்சா முடியும்ங்கறதுக்கு இந்தத் தம்பிதான் சாட்சி!” என்று முழங்கி, பச்சை நட்சத்திரத்தை ஒட்டி, ஓட்ஸும் சீனி போடாத பிஸ்கட்டும் கட்டி வைத்திருந்த பரிசுக் கூடையை அவன் கையில் கொடுத்தேன். வாங்கும்போது அவன் கை நடுங்கியது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. “சந்தோஷத்துல கை நடுங்குது பாருங்க!” என்று அதையும் மைக்கில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்சிக்குப் போன பிள்ளைகளை ஏற்றிவர வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டான்.

பத்து மணிக்கு எல்லாம் முடிந்து, மிஷினைப் பெட்டியில் வைத்து, பலகையைக் காரின் பின் சீட்டில் படுக்கப் போட்டுவிட்டு மண்டபத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வேன்காரன் மனைவி வந்தாள். தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றவில்லை. மூச்சு வாங்கியது.

“அக்கா, அவரு வந்தாரா?”

“வந்தான், வந்தான். நாலு புள்ளி ஒண்ணு! இனிமே உன்னைத்தான் திட்டணும்.”

அவள் சிரிக்கவில்லை. கையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்திருந்தாள். “ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன்க்கா. நேத்து சாயங்காலம் ஆக்கி மூடி வெச்ச சோறு அப்படியே இருக்கு. மத்தியானத்துக்கும் வேன்ல ஒண்ணும் சாப்பிடலையாம், போன் பண்ணப்ப சொன்னாரு. இது என்னோட மாத்திரை. ரெண்டு கொறையுது. அவரோடதையும் போட்டிருக்காரு.”

எங்கள் ஆட்கள் மாத்திரையைக் கைமாற்றிக்கொள்வது புதிதல்ல. லயத்தில் இருந்த காலத்திலிருந்தே, பக்கத்து வீட்டில் மிளகாய்த்தூள் கேட்பது மாதிரி, ‘உன்னுது நல்லா கேக்குது, எனக்கு ஒண்ணு குடு’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் போட்ட மாத்திரைதான். சாப்பிடாமல் போட்டால் சீனியை இழுத்துக் கீழே தள்ளிக்கொண்டே போகும். காலையில் நாலு புள்ளி ஒன்று என்றால் இப்போது எவ்வளவோ! 

அவன் கைப்பேசிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் பேசுகிறான் என்று ஒரு வருடத்துக்கு முன் பெற்றோர் புகார் செய்ததிலிருந்து போனை ஊமையாக்கிப் பெட்டிக்குள் போட்டுவிடுவான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிற வாத்தியாருக்கு அடித்தேன். “வேன் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆச்சே. ஆறு பிள்ளைங்க ஏறியிருக்காங்க” என்றார்.

ஆறு பிள்ளைகள். நான் அந்தப் பெண்ணைக் காரில் தள்ளி உட்காரவைத்துக் கிளம்பினேன். செம்பனை லோரிகள் வரிசையாகப் போகிற ரோடு அது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற கால்வாய். ஒவ்வொரு வளைவிலும் கால்வாய்க்குள் வெள்ளை வேன் கிடக்கிறதா என்றுதான் என் கண் போனது. அவள் பக்கத்தில் இருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சமயம், “மைக்ல திட்டுனதுலேருந்து அவரு சரியாத் தூங்கலக்கா” என்றாள். குற்றம் சொல்லிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா தாயே, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

பிள்ளைகள் இறங்கவேண்டிய செம்பனைத் தோட்டத்துச் சந்து முனையைக் கடந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேன் நின்றிருந்தது. முன்சக்கரம் கால்வாய் விளிம்புப் புல்லில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மழையே இல்லை, வைப்பர் மட்டும் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் காரை நிறுத்தி ஓடினேன். ஆறு பிள்ளைகளும் முழுசாக உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் இருந்த பெண்பிள்ளை மட்டும் அழுகையை அடக்கிக்கொண்டு, “அங்கிளுக்கு எங்க வீடு மறந்துபோச்சு ஆன்ட்டி. நாங்க கத்துனோம். அப்புறம் அவரே நிறுத்திட்டாரு” என்றது.

நான் எட்டி எஞ்சினை அணைத்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சாம்பல். கூப்பிட்டால் கண் மட்டும் மெதுவாகத் திரும்பியது.

மிஸிக்குப் போன் போட்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “முழுங்குறாரா அக்கா? முழுங்க முடிஞ்சா உடனே இனிப்பு ஏதாவது கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஆம்புலன்ஸ நான் கூப்பிடுறேன்.”

இனிப்பு. டேஷ்போர்டில் நான் கொடுத்த கூடை இருந்தது. ஓட்ஸ், சீனி போடாத பிஸ்கட். அவன் மனைவி அதைப் பிய்த்துத் தேடினாள், ஒன்றும் இல்லை. “பிள்ளைங்களா, மிட்டாய் இருக்கா? சிராப் தண்ணி, எதுவா இருந்தாலும் குடுங்க” என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வெறும் தண்ணிதான் ஆன்ட்டி. மிட்டாய் கொண்டுவரக் கூடாதுன்னு நீங்கதானே ஸ்கூலுக்கு வந்து சொன்னீங்க?” ஆமாம், நான்தான் சொன்னேன். கேண்டீனில் சிராப் விற்பதைச் சண்டை போட்டு நிறுத்தியதும் நான்தான். என் கைப்பையில் ஒரு இருமல் மிட்டாய்கூடக் கிடையாது, அப்படி ஒரு சுத்தம்! கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை, கடை ஏதும் இல்லை.

அப்போதுதான் பலகை ஞாபகம் வந்தது.

காருக்கு ஓடிப் பின் கதவைத் திறந்து, டின்னுக்குப் பக்கத்தில் தொங்கிய அந்தப் பெரிய பையைப் பிய்த்தேன். ஒட்டிய டேப்போடு பலகைத் தோலும் உரிந்து வந்தது. அந்தப் பெண்பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டிலில் சீனி முழுவதையும் கொட்டிக் குலுக்கி, அவன் வாயில் வைத்தேன். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

“குடி தம்பி.”

“வேணாம்.” குழறினான். “நம்பரு ஏறிடும்.”

“ஏறட்டும், குடி!”

“அக்கா மைக்ல சொல்லிடுவாங்க.”

“நான்தான்டா அக்கா. என்னைப் பாரு.”

பார்த்தான். என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. யாரோ வழியில் போகிற பெண்ணிடம் கெஞ்சுவது மாதிரி, கண்ணில் தண்ணீர் முட்ட, “அக்காகிட்ட சொல்லாதீங்க” என்றான்.

சாகக் கிடக்கிற நேரத்தில் ஒரு மனுஷனுக்குச் சாவைவிட என்னைக் கண்டு பயம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “சொல்ல மாட்டேன் சாமி. சத்தியமாச் சொல்ல மாட்டேன். குடி” என்றேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான். ஒரு வாய், இன்னொரு வாய். அவன் மனைவி தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பாதி சட்டையில் வழிந்தது, பாதி உள்ளே போனது. எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியாது, எனக்கு ஒரு யுகம். மெல்ல முகத்தில் நிறம் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

“அக்கா? நீங்க எப்படி இங்க?” பிறகு திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினான். “பிள்ளைங்க?”

“எல்லாம் இருக்காங்க. நீ பேசாம உக்காரு.”

“நான் ஏதும் உளறினேனா?”

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

மாத்திரை உள்ளே இருக்கிற வரை சீனி மறுபடி மறுபடி இறங்கும் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். அவசரப் பிரிவு வாசலில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மிஸி வந்தாள். அவள் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க எப்பக்கா சாப்பிட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை இரவு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இனி எழுதப் போவதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் திட்டம் ஆரம்பித்த புதிதில், ஒரு கல்யாண விருந்துக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, மிஷினைச் சரிபார்க்கிற சாக்கில் என் விரலையே குத்திப் பார்த்தேன். பன்னிரண்டு. மிஷின் கெட்டுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரத்தம் தொட்டு வைக்கிற பட்டையைக் குப்பையில் போட்டேன். அந்த வாரத்திலிருந்துதான் எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். அம்மனுக்கு என்று சொன்னேன், அம்மனுக்குத் தெரியும் அது யாருக்கு என்று. சனிக்கிழமை காலை ஆறு, ஆறரை என்று வரும். பச்சை நட்சத்திரத்தை நானே எடுத்து எனக்கே ஒட்டிக்கொள்வேன். ஊர் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதா, நானும் ஊரோடு சேர்ந்து பொய் சொன்னேனா, எனக்குத் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது, நான் திரும்பிப் பார்க்க மறுத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே மண்டபத்துக்குப் போய் அட்டையைக் கழற்றினேன். பெயர் பெயராக வெட்டி எரித்தேன். பிறகு அந்த ஆறு பிள்ளைகள் வீட்டுக்கும் போனேன். “தப்பு அவன்மேல இல்ல, நான் பண்ணின வேலை” என்று வாசலில் நின்று சொன்னேன். மூன்று வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அந்தப் பிள்ளை இன்றைக்கும் வேறு வேனில்தான் போகிறது. மாத்திரை அளவு சரியாகும் வரை ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மச்சான் ஒருவன் வந்து வேனை எடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் குறைவு. செய்தி பரவியிருந்தது. மிஸி, அவள் முறை இல்லாதபோதும், வந்து ஒரு ஓரமாக நின்றாள். இனிமேல் கிழமையை மாற்றுவது, நம்பரை அவரவர் புத்தகத்தில் மட்டும் எழுதுவது, மாத்திரையைப் பையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது என்று அவளும் நானும் பேசி முடிவு செய்திருந்தோம். பலகை வழக்கமான இடத்தில் இருந்தது. டின்னுக்குப் பக்கத்தில் பை இல்லை, உரிந்த தழும்பு மட்டும். அதை நான் வேண்டுமென்றே சரி செய்யவில்லை.

வேன்காரத் தம்பியும் வந்திருந்தான். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று நம்பர் எழுதுகிற மேசையில் போய் உட்கார்ந்துகொண்டான். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். அவன் நம்பர் பதினொன்று. எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். “சரி” என்றேன்.

மைக்கை எடுத்தேன்.  நடந்ததைச் சொன்னேன். வேனில் அவன் குழறிய வார்த்தைகளை மட்டும் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேனே. இங்கே எழுதுவதற்கு அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிறகு, “நேத்து வெள்ளிக்கிழமை. நான் ராத்திரி சோறு தின்னுட்டுத்தான் வந்திருக்கேன். எல்லாரும் பாத்துக்குங்க” என்று சொல்லி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் இத்தனை நாள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மிஸி என் விரலைக் குத்தினாள். மிஷின் எண்ணுகிற அந்தச் சில நொடி இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

“பன்னெண்டு புள்ளி ஆறு” என்றாள் மிஸி, எனக்கும் அவனுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி.

நான் மைக்கை மறுபடி எடுத்து அந்த நம்பரை எல்லாருக்கும் சொன்னேன்.  வேன்காரத் தம்பி நம்பரைப் புத்தகத்தில் எழுதினான். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “திட்டட்டுமாக்கா?” என்று கேட்டான்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

“திட்டாத தம்பி” என்றேன். “எனக்குப் பயமா இருக்கு.”